லிங்கதுரையின் மூச்சு

காற்று கிளம்பினால் செம்மண் எழுந்து ஊருக்குள் வந்து சோற்றுப்பானைக்குள்ளும் உட்கார்ந்துகொள்ளும் தேரிக்காட்டு ஓரத்தில், பூவரசன்விளையில், ஒரு வைகாசி மாதத்துச் சாயங்காலம், கபடி இறுதி ஆட்டத்தில் எதிரணிக்குள் பாடிப்போன லிங்கதுரை திரும்பி வரவில்லை. ஆள் போய்விட்டான், பாட்டு மட்டும் களத்தில் நின்றது. கபடி கபடி கபடி என்று ஒரே மூச்சில், விடாமல், தளராமல், அந்த ஊரின் வெயிலிலும் மழையிலும் பதினான்கு வருஷம் நின்றது. அந்த ஆட்டத்தை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவன் தவசிக்கனி. அதைச் சொன்னதால்தான் அவன் சென்னைக்குப் போனான், மும்பைக்குப் போனான், டிவியில் வந்தான், கடைசியில் ஒன்றுமில்லாமல் போனான்.

தவசிக்கனியின் அப்பா கோயில் கொடைகளுக்கு மைக் செட் போடுகிறவர். காணாமல்போன குழந்தைகளைப் பற்றி அறிவிக்க ஒருநாள் மகன் கையில் மைக்கைக் கொடுத்தார்; அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை, இடது காதுக்குப் பின்னால் மச்சம், கையில் பாதி தின்ற மிட்டாய் என்று அவன் சொல்லச்சொல்ல, தொலைத்த தாய்க்குப் பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்ததாம். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் தவசிக்கனிதான் வர்ணனை. களத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கிற ஆட்கள், தங்கள் கண்ணால் பார்த்ததையும் அவன் வாயால் கேட்ட பிறகே நம்பினார்கள். தொட்டான் என்று அவன் சொன்னால் தொட்டான்தான். கோட்டை மிதித்தான் என்றால் மிதித்தான்தான். எத்தனையோ தடவை நடுவர் ஞானமுத்து வாத்தியாரே விசிலை வாயில் வைத்துக்கொண்டு தவசிக்கனியின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஊதினார்.

அந்த வைகாசியில் பூவரசன்விளைக்கும் மேலப்புதூருக்கும் இறுதி ஆட்டம். இருபத்தேழுக்கு இருபத்தேழு என்று சரிசமமாக நின்றது. கடைசிப் பாட்டு லிங்கதுரையுடையது. அவன் தவசிக்கனிக்குப் பள்ளிக்கூடத்துச் சேக்காளி, கல்யாணமாகிப் பதினான்கு மாசம், பனையேறிக் காய்த்த நெஞ்சு. குனிந்து நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். அதே நேரம், உடன்குடியிலிருந்து முதன்முதலாகக் கேமரா கொண்டுவந்திருந்த கேபிள்கார ராசையா, களத்தைப் படம் பிடித்து அலுத்துப்போய்க் கேமராவைத் தவசிக்கனியின் பக்கம் திருப்பி, இங்கே பார் என்று விரலால் சைகை காட்டினான்.

தவசிக்கனி பார்த்தான். இருபத்தாறு வயது. அதுவரை அவனுடைய குரலைத்தான் ஊர் பார்த்திருந்தது, முகத்தை யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி வட்டத்துக்குள் தன் முகம் சின்னதாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான், லிங்கதுரை உள்ளே போகிறார், வலது மூலையை மிரட்டுகிறார், காலை வீசுகிறார், தொட்டுவிட்டார், தொட்டுவிட்டார், இதோ திரும்புகிறார். வாய் பழக்கத்தில் சொன்னது. ஒரு நிமிஷம் இருக்கும். களத்தின் பக்கம் திரும்பியபோது மேலப்புதூர்க்காரர்கள் ஏழு பேரும் கைகளை விரித்தபடி நின்றார்கள், நடுவில் செம்மண் புழுதி ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து மெல்லத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் ஆள் இல்லை. கபடி கபடி கபடி என்று சத்தம் மட்டும் வலது மூலைக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் அலறவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு எங்கேயோ பதுங்கியிருக்கிறான், வருவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாத்தியார் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மேலப்புதூர் அணியின் தலைவன் போய், ஆள் இல்லாததால் பாயின்ட் தங்களுக்கு என்று கேட்டான். வாத்தியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, சட்டப் புத்தகத்தில் மூச்சு விட்டால் அவுட் என்று இருக்கிறது, ஆள் தெரியாவிட்டால் அவுட் என்று எங்கேயும் இல்லை, அவன் மூச்சு விடுகிற வரைக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். நியாயமான தீர்ப்பு என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டது. இருட்டுகிற சமயத்தில் ஜனங்கள் சமையலைப் பார்க்க வீட்டுக்குப் போனார்கள். லிங்கதுரையின் பெண்சாதி ஜெயக்கொடி மட்டும் புதுச்சேலையோடு களத்தோரம் உட்கார்ந்திருந்தாள், அவள் மாமியார் வந்து எழுப்பிக் கூட்டிப்போகிற வரைக்கும்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. முதல் மாசம் மேலப்புதூரிலிருந்து ஏழு பேரும் தினம் சாயங்காலம் பஸ் ஏறி வந்து களத்தில் கை விரித்து நின்றுவிட்டுப் போனார்கள். பிறகு முறைவைத்து இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஒருவர் வந்து பெயருக்குக் கோட்டுக்குள் காலை வைத்துவிட்டு டீ குடித்துப் போனார். தேரி மணல் கோட்டை மூடாமல் இருக்கப் பூவரசன்விளைக்காரர்கள் வீட்டுக்கு ஒரு நாள் என்று பெருக்கிக் கோடு போட்டார்கள். ஆடுகள் களத்துக்குள் கால் வைப்பதில்லை. பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்துச் சோறு வடித்தார்கள். எழுநூறு கபடிக்கு அரிசி வெந்துவிடும், குருணை என்றால் ஐந்நூறு போதும். கைக்குழந்தைகள் அதைக் கேட்டுத்தான் தூங்கின. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, உலகத்தில் மற்ற ஊர்களிலெல்லாம் வெறும் களத்திலிருந்து அப்படி ஒரு சத்தம் வராது என்பதே வெளியூர் போய்த்தான் தெரிந்தது. டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைப் 'பாட்டுக்களம்' என்று கூப்பிட்டு டிக்கெட் கிழித்தார்கள்.

ஜெயக்கொடிக்குத்தான் எதுவும் பழகவில்லை. காணாமல்போனவன் என்று எழுதிக் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷன் போனாள். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து தொப்பியைக் கழற்றிக் களத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு, ஆள் இருக்கிற இடம் தெரிகிறதே, காணவில்லை என்று எப்படி எழுதுவது என்று திரும்பிப் போனார். இறந்தவன் என்று எழுதத் தாலுகா ஆபீஸில் முடியாது என்றார்கள், மூச்சு இருக்கிறதல்லவா. ரேஷன் கார்டில் அவன் பெயர் இருந்தது. கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டு அவள் பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் நின்று, அவளைத் தாண்டிப் போனது. துக்க வீடுகளிலும் அவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரியாமல் வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவன் என்ன ஆனான் என்று யாரைக் கேட்டாலும், வலது மூலையை மிரட்டினான், காலை வீசினான், தொட்டுவிட்டான், தொட்டுவிட்டுத் திரும்பினான் என்று ஒரே மாதிரி சொன்னார்கள். எல்லோரும் தவசிக்கனியின் வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள் என்பது தவசிக்கனிக்கு மட்டும் உறைத்தது. அவன் பார்க்காமல் சொன்ன வார்த்தைகள் அவை.

ராசையாவின் நாடாவில் களம் இல்லை. அந்த ஒரு நிமிஷம் முழுக்கத் தவசிக்கனியின் முகம்தான் இருந்தது, வேர்வை வழிய, கண் விரிய, பின்னால் கபடி கபடி என்ற சத்தத்தோடு. உடன்குடியில் ஓடி, திருச்செந்தூரில் ஓடி, தூத்துக்குடியில் ஓடி, அது சென்னையில் ஒரு டிவி கம்பெனிக்குப் போய்ச்சேர்ந்தது. கண்ணை எடுக்காமல் ஆட்டத்தைப் பார்த்து இவ்வளவு உயிராகச் சொல்கிற ஒருவனை இதுவரை கண்டதில்லை என்று அவர்கள் கடிதம் போட்டார்கள். அந்தப் படத்தில் அவன் கண்கள் நேராகக் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தன. களத்தைப் பார்க்கிறவனின் கண் அப்படி இருக்காது என்று அதைப் பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்னையில் அவனுக்கு டை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள், பேச்சில் திருநெல்வேலியை உருவி எடுத்தார்கள், முகத்தில் மாவு பூசி மாலைச் செய்தியில் ஐந்து நிமிஷம் விளையாட்டு வாசிக்க வைத்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. எந்த ஊர் ஆட்டமானாலும், முடிவு தெரிந்த ஆட்டமானாலும், அவன் வாயால் கேட்டால் இப்போதுதான் நடப்பது போல இருக்கிறது என்று எழுதினார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வருவான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தச் சத்தம் காதில் விழும். களத்தின் பக்கம் போகாமல் தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

நாலாவது வருஷம் ஜெயக்கொடி தனியாக ரயில் ஏறிச் சென்னைக்கு வந்து, டிவி ஆபீஸ் வரவேற்பறையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். அவள் டீயைத் தொடவில்லை. வீட்டில் தூக்கம் இல்லை என்றாள், கண்ணை மூடினால் அவர் மூச்சுக்குத் தன் மூச்சு ஒத்துப் போகிறது, இழுத்துக்கொண்டே இருக்கிறது, விட முடியவில்லை என்றாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஒரு ஆளுதான் கண்ண எடுக்காம பாத்தியளாம். கடைசியா அவரு எந்தப் பக்கம் திரும்புனாரு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். கேன்டீனில் கூட்டம் இல்லை, மேஜை துடைக்கிறவர் தூரத்தில் இருந்தார், அவள் கேட்ட கேள்விக்கு இரண்டு வார்த்தையில் பதில் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், தொலைத்த தாய்க்குப் பிள்ளையைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற அந்தப் பழைய கை அவன் தொண்டைக்குள் அசைந்தது. ஆறுதலாக ஏதாவது கொடுத்தனுப்ப நினைத்தான்.

"ஒன்னையத்தான் பாத்தான், தங்கச்சி. தொட்டுட்டு அப்படியே திரும்பி, நீ நின்ன பக்கம் பாத்தான். ஒன்னையத் தேடுன மாதிரி இருந்துச்சு."

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அவள் நிசமாகவா என்று ஒரு தடவை கேட்டாள், அவன் தலையாட்டினான், அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். டீயின் மேல் ஆடை படர்ந்து கிடந்தது.

அடுத்த வருஷம் மும்பையிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய பணக்காரர்கள் அணிகளை வாங்கி நடத்துகிற கபடி லீக், அதற்குத் தமிழில் வர்ணனை. ஆட்டம் பாட்னாவில் நடக்கும், ஜெய்ப்பூரில் நடக்கும். தவசிக்கனி மும்பையில் குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் காதில் பொத்தானை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து, பக்கத்தில் நின்று பார்ப்பது போலச் சொல்வான். 'மூச்சு நிற்கவில்லை, ஆட்டம் முடியவில்லை' என்று அவன் ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினான். அது தமிழ்நாடு முழுக்கப் பரவி, பனியனில் அச்சாகி, ஆட்டோக்களின் முதுகில் ஏறி, சத்துமாவு விளம்பரத்தில் வந்தது. அந்த லீக்கில் ஒரு பாட்டுக்கு முப்பது வினாடிதான். முப்பதாவது வினாடியில் மணி அடிக்கும், பாடிப்போனவன் திரும்பிவிடுவான், எல்லாரும் திரும்பிவிடுவார்கள். மணி அடிக்கும் வரை தவசிக்கனியின் முதுகில் வேர்வை இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷம், ஒரு தடவைகூட அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு ஆட்டத்தின் நடுவில் அப்பா இறந்த செய்தியைச் சீட்டில் எழுதி முன்னால் வைத்தார்கள். அந்தச் சீட்டைக்கூட ஆட்டம் முடிந்த பிறகுதான் பார்த்தான்.

அப்பாவின் காரியத்துக்குப் போனபோதுதான், ஜெயக்கொடியை அவள் அக்காள் திருப்பூருக்குக் கூப்பிட்டதும், துணைக்கு ஆள் தேடுகிற நல்ல மனுஷர் ஒருவர் அங்கே காத்திருந்ததும், இவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதும் தெரிந்தது. முன்பாவது போவாள் என்று நினைத்தோம், சென்னைக்குப் போய்வந்த பிறகு களத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்கிறாள், ஏன் என்று தெரியவில்லை என்று ஞானமுத்து வாத்தியார் சொன்னார். தவசிக்கனி தலையைக் குனிந்துகொண்டான். மறுநாளே விமானம் ஏறிவிட்டான்.

மும்பையில் அவனுடைய காலம் மெல்லத் தேய்ந்தது. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பிறகு அவன் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவனை இறுதி ஆட்டத்திலிருந்து லீக் ஆட்டத்துக்கும், அங்கிருந்து மறுஒளிபரப்புக்கும், அங்கிருந்து ஐந்து வினாடி விளம்பரக் குரலுக்கும் இறக்கினார்கள். ஒருநாள் கம்பெனியில் ஒரு பெண் மரியாதையாக உட்காரவைத்துச் சொன்னாள்: ஒன்பது வருஷத்துக் குரல் எங்களிடம் சேமிப்பில் இருக்கிறது, இனி எந்தப் பெயரைக் கொடுத்தாலும் இயந்திரம் அதே குரலில் சொல்லிவிடும், நீங்கள் இனிமேல் வரவேண்டியதில்லை. அடுத்த வாரமே தன் குரல் தான் பார்க்காத ஒரு ஆட்டத்தை, தனக்குத் தெரியாத ஆட்டக்காரர்களை, கண்ணை எடுக்காமல் பார்த்ததுபோல் சொல்லிக்கொண்டிருப்பதை அவன் ஒரு டீக்கடையில் நின்று கேட்டான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை.

ஊருக்கு வந்துசேர்ந்தபோது வைகாசி முடிந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காது தானாகத் தேடியது. சத்தம் இருந்தது, ஆனால் நைந்து, நூல் மாதிரி, நடுநடுவே காற்றில் அறுந்து போவதுபோல். இரண்டு வருஷமாக இப்படித்தான், அரிசி வேகவைக்கக்கூட இப்போது யாரும் அதை எண்ணுவதில்லை, எல்லோரும் குக்கர் வாங்கிவிட்டார்கள் என்று சொன்னார்கள். மேலப்புதூரிலிருந்து இப்போது ஆள் வருவதில்லை. வீட்டுமுறை வைத்துப் பெருக்கியதும் நின்றுபோய், ஜெயக்கொடி ஒருத்தியே தினம் பெருக்கிக் கோடு போட்டாள். களம் இருக்கிற இடத்தில் ஊர்ப் பொதுவுக்கு ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம் என்று கமிட்டிக்கு நாலு வருஷமாக யோசனை, ஆட்டம் முடியாத களத்தில் எப்படிக் கடைக்கால் தோண்டுவது என்று தயக்கம்.

இந்தத் தடவை தவசிக்கனி தென்னந்தோப்பைச் சுற்றவில்லை. நேரே களத்துக்குப் போனான். மத்தியான வெயிலில் அவள் பனை ஓலையால் கோட்டோரத்து மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முடி பாதி வெளுத்திருந்தது, முப்பத்தாறு வயதுதான். அவனைப் பார்த்து, வந்துட்டியளா என்றாள். அவன் நின்றபடியே, எந்த அலங்காரமும் இல்லாமல், மைக் இல்லாதவனின் குரலில் சொன்னான்.

"நான் பாக்கல, தங்கச்சி. அவன் பாடிப்போன நேரம் நான் கேமராவப் பாத்துட்டு இருந்தேன். வலது மூலை, காலை வீசுனது, எல்லாம் வாயில வந்தது. அவன் ஒன்னையப் பாத்தான்னு சொன்னதும் அப்படித்தான்."

ஜெயக்கொடி ஓலையைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். களத்தில் அந்த நூல் மாதிரி சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் எங்க பாத்துட்டு இருந்தேன் தெரியுமாண்ணே?" என்றாள். "நானும் கேமராவத்தான். புதுச்சேலை கட்டிருந்தேன், டிவில தெரிவமான்னு கழுத்த நீட்டிட்டு நின்னேன். மனுசன் என்னையத் தேடிப் பாத்திருக்காரு, நான் பாக்கல, அதான் வழி தெரியாமப் போயிட்டாருன்னு... பத்து வருசமா அதத்தான் நெனச்சு இந்த மண்ணப் பெருக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு எதிரே, நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவனும் உட்கார்ந்தான். அவள் மெதுவாகத் தொடர்ந்தாள். வாத்தியாரும் அன்றைக்குக் கேமராவைத்தான் பார்த்தார், போன வருஷம் காய்ச்சலில் பிதற்றும்போது சொன்னார். மேலப்புதூர்க்காரர்களில் ஒருத்தர் டீக்கடையில் அழுதுகொண்டே சொன்னார், ஏழு பேரும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தார்களாம். ஊருக்குள் முதன்முதலாக டிவிக் கேமரா வந்த நாள், பார்க்காமல் இருப்பார்களா. அவரவர் தான் மட்டும்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதைச் சொல்லிச்சொல்லி இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்கள். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் ஒரு மனுஷன் மறைந்துபோயிருக்கிறான், ஒரு ஜோடிக் கண்கூட அவன்மேல் இல்லை. நீங்களாவது பார்த்தீர்கள் என்று நான் நினைத்திருந்தேன் என்றாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவுட்டுன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா அந்தச் சத்தம் அப்புறம் ஊருக்குக் கேக்காது. எனக்கும் கேக்காது."

இன்னும் மூச்சு இருக்கிறதே என்றான். இருக்கட்டும் என்றாள். என்னால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை என்றாள்.

ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இரண்டு ஊரும் கூடியது. பந்தல் போட்டு மைக் செட் கட்டினார்கள். மேலப்புதூரின் ஏழு பேரில் ஒருவர் இறந்திருந்தார், அவர் இடத்தில் அவர் தம்பி நின்றார். மற்ற ஆறு பேரும் தொப்பையும் நரையுமாகக் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். ஞானமுத்து வாத்தியாரை இரண்டு பேர் தாங்கி நிறுத்தினார்கள், பதினான்கு வருஷத்து விசில் கழுத்தில் கிடந்தது. தவசிக்கனி மைக்கைப் பிடித்தான். உரித்துப்போட்ட திருநெல்வேலிப் பேச்சும் கற்றுக்கொண்ட பேச்சும் கலந்து வந்தன. விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். தொட்டுவிட்டார் லிங்கதுரை, திரும்புகிறார், கோடு கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் பின்னாலிருந்து ஒரு பிடி, காலில் ஒரு பிடி, இடுப்பில் ஒரு பிடி, ஏழு பேரும் மேலே விழுந்துவிட்டார்கள், கையை நீட்டுகிறார், நீட்டுகிறார், எட்டவில்லை. ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். ஆறு பேரும் ஒரு தம்பியும் வெறும் மணலைக் கட்டிப்பிடித்து உருண்டார்கள். சிலர் வாயைப் பொத்தி அழுதார்கள். மூச்சு விட்டுவிட்டார், என்றான் தவசிக்கனி. லிங்கதுரை அவுட்.

வாத்தியார் ஊதினார்.

ஊரில் ஒரு நிசப்தம் விழுந்தது. அப்படி ஒன்றை அதுவரை கேட்டேயிராத பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பயந்துபோய்த் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். நாய்கள் எழுந்து நின்று சுற்றிப் பார்த்தன. ஜெயக்கொடி கண்ணை மூடி, மெல்ல, ரொம்ப மெல்ல, நெஞ்சிலிருந்து ஒரு மூச்சை வெளியே விட்டாள். மேலப்புதூருக்கு ஒரு பாயின்ட், கோப்பை அவர்களுக்கு என்று அறிவித்தார்கள். கோப்பையை யாரும் சந்தோஷமாக வாங்கவில்லை. முளைக்குச்சிகளைப் பிடுங்கினார்கள். பெண்கள் சேர்ந்து பனை ஓலையால் கோடுகளை அழித்தார்கள், ஓரக்கோடு, போனஸ் கோடு, நடுக்கோடு. தவசிக்கனி மைக்கை அணைத்துவிட்டு நின்றான். எல்லோருக்கும் நின்றுபோன அந்தச் சத்தம் அவனுக்கு மட்டும் நிற்கவில்லை. கபடி கபடி கபடி என்று, வலது மூலைக்குப் பக்கத்தில், முன்பு போலவே ஓடிக்கொண்டிருந்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயக்கொடி தாலியைத் தானே கழற்றிக் கிணற்றடியில் கழுவி மாமியார் கையில் கொடுத்தாள். தாலுகா ஆபீஸில் ஒரே நாளில் காகிதம் கொடுத்துவிட்டார்கள். ஆடி முதல் புதன்கிழமை, காலை பத்தரை பஸ்ஸில் அவள் திருப்பூர் கிளம்பினாள். அன்றைக்குத்தான் தவசிக்கனிக்கு அது தெரிந்தது. பதினான்கு வருஷமாக வலது மூலையை விட்டு அசையாத சத்தம் நகர்ந்துவிட்டிருந்தது. நூல் மாதிரி இருந்தது தடித்திருந்தது. காலடி ஓசைகூட இருந்தது. லிங்கதுரை திரும்பி வந்துகொண்டிருந்தான்.

தவசிக்கனி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். ஜெயக்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அதே மஞ்சள் பை மடியில். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு அதற்குள்ளேயே வெளுத்திருந்தது. மூன்று நாளாக நல்ல தூக்கம் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க நின்ற அவனைப் பார்த்து, என்னண்ணே என்று கேட்டாள். சொன்னால் இறங்கிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். இறங்கி, அவளுக்குக் கேட்காத ஒன்றுக்காக, அவன் பேச்சை நம்பி, ஆயுசு முழுக்க அந்த மண்ணில் உட்கார்ந்திருப்பாள். உண்மையையே சொன்னாலும் இனி அது அவன் வாயில் இன்னொரு வர்ணனைதான்.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. பத்திரமாப் போயிட்டு வா," என்றான்.

பஸ் போனதும் களத்துக்கு வந்தான். ஆடிக் காற்று தேரியிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்தது. மண்டபத்துக்கு ஒரு லோடு செங்கல் இறக்கியிருந்தார்கள். சத்தம் நடுக்களத்துக்கு வந்திருந்தது, பத்தடி, ஐந்தடி, ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம், வேகம் வேகமாக, கடைசி மூச்சை இறுக்கிப் பிடித்த ஒருவனின் குரல். வந்த குரல் அங்கே நின்றது. தயங்கியது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, குனிந்தது, தரையோடு தரையாகத் தடவியது. அது கோட்டைத் தேடுகிறது என்று தவசிக்கனிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

செருப்பை உதறிவிட்டு, குதிகாலை மணலில் அழுத்தி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுத்துக்கொண்டு ஓடினான். பாதி போகும் முன்னால் பின்னால் பாதி மூடிவிட்டது. திரும்பி வந்து இழுத்தான். இங்கே, லிங்கதுரை, இங்கே என்று கத்தினான். தன் குரல் காற்றில் எந்தப் பக்கம் போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. முட்டி போட்டுக் கையால் தோண்டிக் கோடு போட்டான். செம்மண் வந்து அதன்மேல் படிந்தது, வழவழவென்று, எந்தக் காலடியும் எப்போதும் படாதது போல. செங்கல் லாரிக்காரன் இறங்கி நின்று இந்தப் பெரிய மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தான். தவசிக்கனி எழுந்து, மறுபடி ஓரத்துக்குப் போய், மறுபடி காலை ஊன்றினான்.